வடசென்னை மாடி அறையில் ஒரு சைகடெலிக் பாப் ஆல்பம்: முதல் டேக் முதல் ரிலீஸ் வரை

சைகடெலிக் பாப் கேட்கத்தான் கிறக்கமாக இருக்கும். செய்வதற்கு மளிகைக் கடைக் கணக்குப் பிள்ளையின் ஒழுங்கு வேண்டும். குரல் கரைந்து போகிறது, கிட்டார் பின்னோக்கி ஓடுகிறது, தாளம் தண்ணீருக்குள் கேட்கிறது என்றால், அதற்கு அடியில் சுதி சேர்ந்த, தாளம் தப்பாத, எதிரொலி ஒட்டாத ஒரு டிராக் இருக்கிறது என்று பொருள். அந்த டிராக்கே குழப்பமாக இருந்தால் மேலே எத்தனை எஃபெக்ட் போட்டாலும் சேறுதான் மிஞ்சும். அதனால் முதலில் சுத்தமாகப் பிடியுங்கள், பிறகு வளையுங்கள். கீழே வருகிற எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

நான்கு பேர் கொண்ட பேண்ட், ராயபுரமோ வியாசர்பாடியோ கொருக்குப்பேட்டையோ ஏதோ ஒரு மொட்டை மாடி அறை, ஒரு லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), இரண்டு மூன்று மைக். இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம்.

நாள் குறிப்பது

இந்தப் பக்கத்தில் ஆல்பத்தின் முதல் எதிரி பணம் இல்லை, காலண்டர். ஆடி மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் விழா, குழாய் ஸ்பீக்கர். மார்கழியில் விடியற்காலையே பாட்டு போட்டுவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, தேங்கும் தண்ணீர், கரண்ட் கட். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரை உள்ள மூன்று மாதம்தான் நிம்மதியாக மைக் வைக்கிற காலம். வெயில் ஏறுவதற்குள் குரலையும் அக்கூஸ்டிக் வாத்தியங்களையும் முடித்துவிடுங்கள்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் பிரிக்க வேண்டும். குரல், அக்கூஸ்டிக் கிட்டார் மாதிரி மெல்லிய சத்தங்களுக்கு இரவு 11:30-லிருந்து 4:30 வரை. அதற்கு மேல் பாங்கு, கோயில் மணி, காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் வண்டிகள் என்று ஊர் எழுந்துவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரையும் பாஸையும் நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவதால் அவற்றைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு என்றால் இரண்டு இரவு உட்கார்ந்து கூட்ஸ் வண்டி போகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்ஸின் அடிக்குரல் கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரல் டிராக்கில் அந்த உறுமலின் பெரும்பகுதி போய்விடும், ஆனால் ஹார்ன் போகாது.

அறை

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது உயர் அலைவரிசையைக் கொஞ்சம் தின்னும், அடிக்குரலை ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்குக் கரப்பான்பூச்சியும் வரும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி நின்று அதிரும். பத்தடிக்கு அந்த அலைவரிசை ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டு அடிக்கு 48. பாஸ் கிட்டாரின் வெறும் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் உள்ள ஜி 49. ஆக, அந்த இரண்டு சுரம் மட்டும் அறையில் வீங்கிக் கேட்கும். பாஸ் அதிகமாக இருக்கிறது என்று நினைத்து மிக்ஸில் குறைப்பீர்கள். வெளியே போய்க் கேட்டால் பாஸே இருக்காது. நிறையப் பேர் ஆல்பம் சொத்தையாக ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

மருந்து, தடிமன். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக் வூல் பலகை 50 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும். இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நாலுக்கு இரண்டு அடி மரச்சட்டத்தில் அடைத்து, கோடவுன் தெருவில் வாங்கிய பருத்தித் துணியால் மூடுங்கள். துணியில் வாய் வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போக வேண்டும், போகாத துணி வேண்டாம். இப்படி ஆறு பலகை: நான்கு மூலைக்கு நான்கு, மிக்ஸ் செய்ய உட்காரும் இடத்துக்கு இடமும் வலமும் ஒவ்வொன்று. பக்கச் சுவரில் ஒட்டாமல் மூன்று நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள், அடிக்குரலை இன்னும் கொஞ்சம் இழுக்கும். ராக் வூலைக் கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் தொட வேண்டாம், ஊசி ஊசியாகக் குத்தும்.

அதற்கும் வழியில்லை என்றால் பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டு. ஒன்றைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், இன்னொன்றை மைக்குக்குப் பின்னால். மைக் பெரும்பாலும் பிடிப்பது அது பார்க்கும் பக்கத்தை, அதாவது பாடுபவர் நிற்கும் பக்கத்தைத்தான் என்பதால், முதுகுப் பக்கத்துச் சுவரை மூடுவதே முக்கியம்.

மேலே தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட அறை என்றால் பகல் வெயிலில் விரிந்த ஷீட் மாலையில் சுருங்கும்போது டக் டக்கென்று சத்தம் வரும். இரவு ஏழு மணி வரை மைக் வைக்காதீர்கள்.

கரண்ட்

ஃபஸ் பெடல் (கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் கால் பெட்டி) போட்டதும் ஙொய்யென்று ஒரு சத்தம் கேட்டால், முதலில் கையை நீட்ட வேண்டியது ஃபேன் ரெகுலேட்டருக்கு. பல எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்னலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த நறுக்கல் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப்பில் அப்படியே ஏறும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது நிறுத்துங்கள். அடுத்து எல்இடி டியூப் லைட், மொபைல் சார்ஜர். அதற்கும் போகவில்லை என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு எர்த்தில்.

பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் சரி செய்துவிட்டுத்தான் ரெக்கார்டிங். சத்தம் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. கையில் கிட்டார், உதடு மைக்கில் என்று நிற்பவருக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பேப்பரில் வரும், பார்த்து வையுங்கள். இன்டர்ஃபேஸுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் எடுத்த டேக்காவது தப்பும்.

டிரம்ஸும் தோலும்

குடித்தனங்கள் ஒட்டியிருக்கும் தெருவில் டிரம் கிட் வாசிக்க முடியாது, வாசிக்கவும் கூடாது. ஆல்பத்தின் எல்லாப் பாட்டுக்கும் டிரம்ஸை ஒரே நாளில், வாடகை ஜாம் ரூமில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டுக்கும் கிளிக்கும் (தாளம் காட்டும் தட்டுச் சத்தம்) ஒரு கச்சா கிட்டாரும் குரலும் பதிந்து, 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாகப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். எல்லா ஃபைலும் 0:00-லிருந்து தொடங்க வேண்டும். பாட்டு எட்டாவது பாரில்தான் (தாளச் சுற்றில்தான்) ஆரம்பிக்கிறது என்றாலும் முன்னால் உள்ள மௌனத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் வீட்டுக்கு வந்து பத்துப் பாட்டையும் கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டியதுதான்.

மூன்று மைக் போதும். ஒன்று ஸ்னேருக்கு (வாசிப்பவருக்கு நேரே உள்ள சின்ன டிரம்) நேர் மேலே, சுமார் 40 அங்குல உயரத்தில். இரண்டாவது ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் டிரம்) பக்கவாட்டில், ஸ்னேரைப் பார்த்தபடி. மூன்றாவது கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்). முதல் இரண்டும் ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அதற்கு அளவு டேப்பெல்லாம் வேண்டாம், ஒரு நூல் கயிற்றின் நுனியை ஸ்னேர் நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு மைக்கையும் தொட்டுப் பாருங்கள். தூரம் மாறினால் ஸ்னேரின் உடம்பு மெலிந்துவிடும். வைத்த பிறகு ஒரு மைக்கின் பொலாரிட்டியை (அலையின் மேல் கீழை) திருப்பிக் கேளுங்கள், எந்த நிலையில் அடி கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

இந்த வகைப் பாட்டுக்கு டிரம்ஸ் மணி மாதிரி ரீங்கரிக்கக் கூடாது, காய்ந்து போன அடியாக விழ வேண்டும். ஸ்னேரின் பாதியை ஈரிழைத் துண்டால் மூடுங்கள். டாம்களுக்கும் அப்படியே. கிக்குக்குள் ஒரு தலையணை, தோலைத் தொட்டும் தொடாமலும். பின்னால் மிக்ஸில் எல்லா டிரம்ஸையும் ஒரு நகல் எடுத்து, கம்ப்ரெஸரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்கும் எஃபெக்ட்) 8:1, அட்டாக் 20 முதல் 30 மில்லி செகண்ட், ரிலீஸ் 50 முதல் 100, ஊசி 10 டெசிபல் வரை சாயும்படி நசுக்கி, அசலுக்கு அடியில் கலந்தால் அந்தப் பழைய மூச்சு வாங்கும் சத்தம் வந்துவிடும்.

டோலக்கும் டேப்பும் (கானாவில் கையால் தட்டும் தோல் வாத்தியம்) சேர்க்கிறீர்களா? சேர்க்கத்தான் வேண்டும். கானாவின் ஆறெட்டு நடையும் சுருதிப் பெட்டியின் ஒற்றைச் சுரமும் சேரும் இடத்தில் நம் ஊர் சைகடெலியா தானாகவே இருக்கிறது. சிதாரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளரும். காய்ச்சி ஏற்றிய டேப்பு அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். அறைக்குள் நெருப்பு வைக்க முடியாது என்பதால் 100 வாட் குண்டு பல்பையோ ஹேர் டிரையரையோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சூடாக்கி, முதல் டேக்கில் இருந்த சுருதியோடு ஒத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் முதல் சரணத்தையும் கடைசிச் சரணத்தையும் வெட்டி ஒட்டவே முடியாது.

கிட்டார்

பெடல் வரிசை: ஃபஸ், ஃபேஸர் (சத்தத்தைச் சுழலவிடுவது), டிலே (திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது), ரிவெர்ப் (எதிரொலி). ஃபஸ் கிட்டாருக்கு அடுத்ததாகவே இருக்கட்டும், நடுவில் பஃபர் உள்ள பெடல் வந்தால் பழைய பாணி ஃபஸ்கள் கீச்சிடும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் வெப்பத்துக்கு ஏற்ப மாறும் ஜாதி. ஜனவரி இரவில் வெண்ணெயாக இருந்தது மே மதியத்தில் திக்கித் திக்கிப் பேசும். சிலிக்கான் ஃபஸ்ஸில் இந்த வம்பு குறைவு. எதுவானாலும் எஃபெக்ட் இல்லாத நேரடி சிக்னலையும் தனியாக ஒரு டிராக்கில் சேர்த்துப் பதியுங்கள், பிறகு மனம் மாறினால் மறுபடி வாசிக்க வேண்டாம். லெவல் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருந்தால் போதும்.

டிலே நேரத்தைக் காதால் தடவ வேண்டாம். 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) வகுத்தால் ஒரு தட்டின் மில்லி செகண்ட். 100 பிபிஎம்முக்கு 600, முக்கால் தட்டு 450. ஆறெட்டு நடையில் பெரிய தட்டு 120 என்றால் ஒரு தட்டு 500, அதன் மூன்றில் இரண்டு பங்கு 333. இந்த 333-இல் டிலே வைத்தால் மூன்றின் மேல் இரண்டு ஓடுகிற மாதிரி ஒரு சுழல் வரும். டப்பாங்குத்து மிதக்க ஆரம்பிக்கும்.

பின்னோக்கிக் கிட்டாருக்கு, வாசித்ததைத் திருப்பிப் போட்டால் மட்டும் போதாது, கார்டோடு ஒட்டாது. முதலில் மொத்தப் பாட்டையும் தலைகீழாக்குங்கள். கார்டுகள் பின்னிருந்து முன்னாக வரும். அந்த வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதன் மேல் வாசியுங்கள். பிறகு எல்லாவற்றையும் நேராக்குங்கள். சொற்றொடர் முடிகிற இடத்தில் அழுத்தி மீட்டுங்கள், திருப்பும்போது அதுதான் உறிஞ்சுகிற மாதிரி தொடக்கமாகும்.

வேகம் மாற்றும் வித்தைக்கு ஒரு எண் போதும்: 0.944, அரை சுரம். பாட்டு கடைசியில் 100 பிபிஎம், ஈ சுருதி என்றால், தாள வாத்தியங்களையும் கிட்டாரையும் 106-இல், எஃப் சுருதியில் வாசித்து, பிளேபேக் வேகத்தை 0.944 ஆக்குங்கள். சுருதியைக் காப்பாற்றும் ஆப்ஷன் அணைந்திருக்க வேண்டும். டிரம்ஸ் கனக்கும், சிம்பல் தேனாக வழியும். குரலுக்கு நேர்மாறு: டிராக்கை 0.944-இல் ஓடவிட்டு, தாழ்ந்த சுருதியில் பாடி, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தால் குரல் மெலிந்து பொம்மைக் குரலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

குரல்

எதிரொலி அதிகமானால் தமிழில் முதலில் சாவது குறில். நெடில் நீண்டு மிதக்கும், குறிலும் வல்லினமும் அடுத்த எழுத்தில் கரைந்து, சொல் புரியாமல் போகும். ரிவெர்ப்பில் ப்ரீ டிலே (எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளி) 60 முதல் 80 மில்லி செகண்ட் வையுங்கள். எழுத்து காய்ந்து வந்து சேர்ந்த பிறகு மேகம் வரும். எழுதும்போதே நெடிலில் முடியும் சொற்களை வரியின் கடைசியில் போட்டால் மிக்ஸில் பாதி வேலை மிச்சம்.

இரட்டைக் குரலுக்கு நகல் எடுக்காதீர்கள், மறுபடி பாடுங்கள். இரண்டாவது முறை பாடும்போது சொல்லின் நடுவில் வரும் க், ட், ப் எழுத்துகளை விழுங்கிப் பாடச் சொல்லுங்கள். இரண்டு குரலின் வல்லினமும் ஒரே நொடியில் விழாவிட்டால் தடதடவென்று கேட்கும். பாடகர் மறுபடி பாட மறுத்தால் அதற்கும் வழி உண்டு: 1966-இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் இன்ஜினியர் கென் டவுன்சென்ட் டேப் மெஷினை வைத்துச் செய்தது. குரலின் நகலை 30 மில்லி செகண்ட் தள்ளி, அந்தத் தள்ளலை நிதானமாக, ஒழுங்கில்லாமல் நான்கைந்து மில்லி செகண்ட் ஏற்றி இறக்குங்கள். அசையாத 30 வெறும் தகரக் குழாய். அசைவுதான் அதை ஆளாக்குகிறது.

ஹெட்ஃபோன் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டு பாடினால் ஒவ்வொரு வரியும் பிந்தும். லேப்டாப்பில் பஃபர் அளவு (ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள்) பதியும்போது 128, மிக்ஸில் 1024.

சுழலும் குரல்

சுழல் ஸ்பீக்கர் பெட்டிக்கு இங்கே வழியில்லை. டேபிள் ஃபேன் முன்னால் ஸ்பீக்கர் வைப்பார்கள், ஆனால் ஃபேன் வேகம் அதிகம், குரல் நறுங்கிக் கரகரக்குமே தவிர மிதக்காது. இதைச் செய்யுங்கள்: உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒரு வலைப் பையில் போட்டு, காசிமேட்டில் விற்கும் நைலான் கயிறு ஒரு மீட்டரில் இரட்டை முடிச்சு போட்டுக் கட்டுங்கள். இரவில் மொட்டை மாடிக்குப் போய், துணி காயப்போடும் கம்பியும் கேபிள் வயரும் இல்லாத மூலையாகப் பார்த்து, தலைக்கு மேல் சுற்றுங்கள். நொடிக்கு ஒரு சுற்று. அப்போது ஸ்பீக்கர் நொடிக்கு ஆறே கால் மீட்டர் வேகத்தில் போகும். மைக்கை நோக்கி வரும்போது அரை சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருதி ஏறும், விலகும்போது அதே அளவு இறங்கும். மைக் இரண்டு, எதிரெதிரே நான்கு மீட்டர் தள்ளி, சுற்றும் உயரத்திலேயே. மைக் மேல் பழைய உல்லன் சாக்ஸ், காற்றுக்கு. சுற்றுபவரைத் தவிர வேறு யாரும் வட்டத்துக்குள் நிற்கக் கூடாது.

ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஃபைலில் பாட்டுக்கு முன்னால் நான்கு கிளிக் வையுங்கள். ப்ளூடூத் தாமதத்தால் எல்லாம் பிந்தி விழும், கிளிக்கைப் பிடித்து இழுத்துப் பொருத்திவிடலாம்.

எதிரொலிக்குக் காலி சம்ப்பை (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை) பயன்படுத்தலாம். சிமென்ட் பூசிய சுவர் என்பதால் வால் நீளமாக வரும். ஸ்பீக்கரையும் மைக்கையும் கயிற்றில் கட்டி இறக்குங்கள், ஆள் இறங்கவே கூடாது, மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சு முட்டும். குரலை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி அனுப்பினால் சேறு வராது.

ஏரியாவின் சத்தம்

ஐஸ் உடைக்கும் மெஷின், மீன் ஏலம், கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் மோதுவது, தூரத்துக் கப்பல் ஹார்ன் எல்லாம் நல்ல லூப். கேசட்டில் லூப் செய்ய ஆசையென்றால் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஐந்து நொடிக்கு 23.8 சென்டிமீட்டர் வெட்டி ஒட்டினால் கேசட் கூட்டுக்குள் அடங்கும். ஒரு ஆளின் குரல் தெளிவாகக் கேட்டால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். "அண்ணா, இது பாட்டுல வரும், பரவாயில்லையா?" என்று கேட்டால் பெரும்பாலும் இன்னொரு தடவை சத்தமாகவே கூவிக் காட்டுவார்கள். சாவு ஊர்வலத்தில் மைக் நீட்டாதீர்கள். அந்த மேளம் வேண்டுமென்றால் வாசிப்பவர்களை வரவழைத்து, கூலி கொடுத்து, பெயர் போட்டுப் பதியுங்கள்.

மிக்ஸ்

ஒரு பாட்டுக்கு ஒரு வித்தைதான் முன்னால் நிற்கலாம். பின்னோக்கிக் கிட்டாரும் சுழல் குரலும் ஒரே சரணத்தில் வந்தால் இரண்டும் தெரியாது. மொத்த ஆல்பத்துக்கும் மூன்றே ரிவெர்ப்: ஒரு சம்ப், ஒரு ஸ்ப்ரிங், ஒரு சின்ன அறை. அப்போதுதான் பத்துப் பாட்டும் ஒரே வீட்டில் வாழும். சரணம் காய்ந்து இருந்தால்தான் பல்லவி நனைவது தெரியும்.

120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் நடுவில். பிறகு மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாகச் சேர்த்து) கேளுங்கள். ஃபேஸரும் அகலப்படுத்திய கிட்டாரும் மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிடும், சோலோ காணாமலே போகும். ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரிலும் மொபைலிலும் ஓட்டிப் பாருங்கள்.

மாஸ்டரில் (மிக்ஸ் முடிந்த பிறகு செய்யும் கடைசிப் பூச்சில்) சத்தத்தை ஏற்றி நசுக்குவது வீண். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குத் தானே இறக்கிவிடும். ட்ரூ பீக் (சத்தத்தின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபல் போதும். பாட்டுக்குப் பாட்டு கோத்து ஓடுகிறது என்றால் முழு ஆல்பத்தையும் ஒரே ஃபைலாக மாஸ்டர் செய்து, பிறகு வெட்டுங்கள். வினைல் (இசைத்தட்டு) ஆசை இருந்தால் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், கனமான பாட்டைப் பக்கத்தின் முதலில் வையுங்கள், உள்வட்டம் வர வர உயர் சத்தம் மங்கும்.

ரிலீஸுக்கு முன்

யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள், முதல் டேக்குக்கு முன்னாலேயே. டேப்பு வாசித்தவருக்கு ஒரு நாள் கூலியா, பங்கா என்பதும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவின் அடையாள எண்) வேண்டும், பன்னிரண்டு எழுத்து, டிஜிட்டல் டிஸ்ட்ரிபியூட்டரே கொடுப்பார்கள். பாடலாசிரியரும் இசையமைத்தவரும் ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) சேர்ந்துகொள்ளலாம். பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு நொடி எடுத்து லூப் போட்டாலும் அனுமதி வேண்டும். இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை வெளியான பிறகு 60 ஆண்டு ஓடும், பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி.

செஷன் ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று மாடி அறையில், சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவில். இன்னொன்று வேறு ஏரியாவில் இருக்கும் பேண்ட் ஆள் வீட்டில், முதல் மாடிக்குக் கீழே வேண்டாம். டிசம்பரில் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.